உளி விட்டுவைத்த தோல்

பால் எடுக்கிற வயதுக்கு வந்த ரப்பர் மரத்தின் பட்டை ஆறேழு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெளியே சொரசொரப்பான செத்த தோல். அதற்குள் கரடுமுரடான ஓர் அடுக்கு. அதையும் தாண்டி, கட்டையை ஒட்டினாற்போல் இருக்கும் மென்பட்டையில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்கும் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. கேம்பியம் என்பார்கள். மரம் பருப்பதும், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்வதும் அந்தப் படலத்தால்தான். பால் வெட்டுகிறவர் அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளியை நிறுத்தியாக வேண்டும். மேலாகச் சீவினால் பால் இறங்காது. கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம். விடிவதற்கு முன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கொசு மொய்க்க நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு, அறுநூறு மரங்களில் இதைச் செய்ய வேண்டும். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் நியாலாஸ், அசகான் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள், அதிலும் பெண்கள், செய்த வேலை இது.

உரிப்பது என்ற இந்த வேலை எங்கிருந்து புறப்பட்டு எப்படி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது என்பதை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ரப்பரின் வரலாற்றை விதையின் பயணமாகவும் விலையின் ஏற்ற இறக்கமாகவும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பட்டையில் விழும் வெட்டுக்கும் ஒரு பயணம் உண்டு. அது மரத்தின் தோலோடு நிற்கவில்லை.

துரைமார்களின் மொழியான ஆங்கிலத்தில் ‘ஃபிளே’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. உயிரோடு தோலை உரிப்பது அதன் நேர்ப்பொருள். சவுக்கால் விளாசுவதற்கும், ஒருவரைப் பேச்சாலோ எழுத்தாலோ கிழித்துத் தொங்கவிடுவதற்கும் அதே சொல்தான். நமக்கு இது புதிதில்லை. “தோலை உரிச்சிடுவேன்” என்பது பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் பொழுது விடியும் முன்னே காதில் விழுந்த பேச்சு. மறைத்து வைத்த அநியாயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வருவதையும் நாம் தோலுரித்துக் காட்டுவது என்கிறோம். ரப்பரின் கதையில் இத்தனை வகை உரிப்பும் நடந்திருக்கிறது. பெரும்பகுதி நேர்ப்பொருளிலேயே நடந்தது.

முதலில் அமேசான். ஹீவியா மரத்தின் சொந்த ஊர் அது. அங்கே காட்டுக்குள் தானாக முளைத்த மரங்களைத் தேடிப் போய்ச் சிறு கோடரியால் கொத்துவார்கள். கோடரி வாய் பட்டையைப் பிளந்துகொண்டு கட்டை வரை இறங்கும். கீழே ஒரு குவளையைப் பொருத்தி, வடிந்த பாலைப் புகையில் காட்டி உருண்டையாகத் திரட்டுவார்கள். கொத்திய இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. மரங்கள் காட்டில் சிதறி நின்றன, ஒன்று கெட்டால் அடுத்ததைத் தேடிப் போகலாம் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் காருக்கும் காற்றடைத்த டயர் வந்ததும் ரப்பர் பசி உலகத்தைப் பிடித்துக்கொண்டது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்த காங்கோவில் ரப்பர் கிடைத்தது கொடியிலிருந்து. ஊருக்கு இவ்வளவு என்று அளவு வைத்துக் கறந்தார்கள். அளவு குறைந்தால் சவுக்கு. அந்தச் சவுக்குக்குச் சிக்கோட் என்று பெயர். நீர்யானைத் தோலை வெயிலில் உலர்த்தி, விளிம்பு கூராக நிற்கும்படி நீள வாராக அறுத்துச் செய்தது. விளாசினால் மனிதத் தோல் பிய்ந்துகொண்டு வரும். அதைப் பார்த்து எழுதியவர் ரோஜர் கேஸ்மென்ட். பிரிட்டிஷ் தூதராகக் காங்கோவில் இருந்தவர். அவருடைய அறிக்கை 1904இல் வெளியானது. 1908இல் லியோபோல்டின் கையை விட்டுக் காங்கோ போனது. 1910இல் கேஸ்மென்டையே பெரு நாட்டின் புட்டுமாயோ ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஹூலியோ சேசர் அரானா என்பவரின் கம்பெனி, லண்டனில் பதிவான கம்பெனி, பழங்குடிகளை அடித்து ரப்பர் சேர்த்துக்கொண்டிருந்தது. அங்கே சவுக்கு டேபிர் என்ற விலங்கின் தோல். முதுகிலும் பின்புறத்திலும் பதிந்த வடுக்களுக்கு ‘அரானாவின் முத்திரை’ என்றே பெயர் விழுந்திருந்தது. கேஸ்மென்டின் இரண்டாவது அறிக்கை 1912இல் அச்சாகி வந்தது. தோலுரித்துக் காட்டுவது என்ற நம் சொல்லுக்கு அந்த இரண்டு அறிக்கைகளைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அயர்லாந்து விடுதலைக்காக ஆயுதம் தேடிய குற்றத்துக்காக 1916இல் அதே பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது.

மரத்தையும் மனிதரையும் ஒரே அலட்சியத்தோடு உரித்த காலம் அது. வெட்டு நம் பக்கம் வந்தபோது மரத்தின் விஷயத்தில் மட்டும் அந்த அலட்சியம் நீங்கியது.

ஹென்றி விக்கம் 1876இல் அமேசானின் துணை ஆறான தப்பாஜோஸ் கரையிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது அதில் சொற்பம். கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. பதினோரு வருஷம் கழித்து, 1888இல், அந்தப் பூங்காவுக்கு இயக்குநராக வந்தார் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. காப்பித் தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணித்து நடச் சொல்வாராம். அதனால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர்.

ரிட்லி செய்த பெரிய காரியம் விதை கொடுத்தது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோடரியைக் கீழே போட வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பட்டையைக் கொத்தக் கூடாது, சீவ வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். சாய்வாக ஒரு கோடு. அடுத்த முறை அதே கோட்டின் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய சீவல். அதற்கடுத்த முறை அதற்கும் கீழே இன்னொன்று. கேம்பியத்தைத் தொடாவிட்டால் மரம் மேலே புதுப்பட்டையை வளர்த்துக்கொண்டே வரும், உளி கீழே இறங்கிக்கொண்டே போகலாம். இன்னொன்றையும் அவர் கவனித்தார். முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டில் பால் கூடுகிறது. விடியற்காலையில் வெட்டினால் இன்னும் கூடுகிறது. இரவெல்லாம் நீர் ஏறிப் பால்குழாய்கள் விம்மி நிற்பதும், வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விட ஆரம்பித்ததும் அந்த அழுத்தம் தளர்ந்துவிடுவதும்தான் காரணம். நம் பாட்டிமார்கள் நான்கு மணிக்கு எழுந்ததற்கான காரணமும் அதுவே. ரிட்லி 1956 வரை, நூறு வயது கடந்து, வாழ்ந்திருந்தார்.

ரிட்லியின் பேச்சைக் காதில் போட்டுக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர் மலாக்காக்காரர். டான் சே யான். சிங்கப்பூரில் ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த டான் டொக் செங்கின் பேரன். மலாக்காவில் அப்போது மரவள்ளிதான் பணப்பயிர். நிலத்தைச் சக்கையாக உறிஞ்சிவிட்டு அடுத்த காட்டை அழிக்கிற பயிர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரை ஒட்டி அவர் ரப்பர் நட்டார். அது பிடித்துக்கொண்டதும் அடுத்துப் பெரிதாக இறங்கிய இடம் புக்கிட் அசகான். நியாலாஸுக்கு அண்டை. குனோங் லேடாங் மலை கிழக்கே எழுந்து நிற்க, ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரம் எழும்பியது. சில ஆண்டுகளிலேயே அது லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டி உச்சத்தில் நின்றபோது, காணி கிடைத்த இடத்தில் எல்லாம் கித்தாக் காடு, அதாவது ரப்பர்க் காடு, ஆனது. சே யான் 1916இல் மலேரியாவில் இறந்தார். அவர் பெயரில் ஓர் ஆர்க்கிட் மலர் இருக்கிறது.

மரம் இருக்கிறது. அதை உரிக்க ஆள் வேண்டும். கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சை, வடார்க்காடு என்று ஊர் ஊராகப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறையின் பெரிய வரத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. 1920களின் இறுதியில் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரம், ஒரே உளி, ஒரே நிரை. பத்துக் காசு வித்தியாசம் மட்டும் இருந்தது.

இனி ஒரு மரத்தடியில் நிற்கலாம்.

உளியின் வாய் மடங்கிய வடிவம். பேராக் மாநிலத்து ஜெபோங் தோட்டத்தின் பெயரால் ஜெபோங் கத்தி என்று புத்தகங்கள் சொல்லும், நமக்கு உளிதான். தள்ளுகிற உளி உண்டு, இது இழுக்கிற உளி. வந்ததும் முதல் வேலை, முந்திய வெட்டுக் கோட்டில் காய்ந்து பிடித்திருக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் நகத்தால் கிளப்பி நீளமாக இழுத்துக் கூடையில் போடுவது. பால் பிடிக்கும் மங்கில் உறைந்திருக்கும் கட்டிப்பாலையும் எடுத்துத் துடைத்து மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு இடது மேல்முனையில் உளியைப் பதித்து, வலது கீழ்ப்பக்கமாகப் பின்னுக்கு நடந்தபடியே இழுப்பார்கள். ஏன் இடம் உயர்ந்து வலம் தாழ வேண்டும்? பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை. கீழிருந்து மேலே போகப் போக வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அந்தக் குழாய்களில் கூடுதலானவற்றை அறுக்கும். எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வெட்டினால் பால் குறையும். பள்ளிக்கூடம் போகாத கைகள் செய்துவந்தது இந்தக் கணக்கை.

சீவல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அது சுருண்டு காலடியில் விழும். விழுந்த கணம் கோட்டில் ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பூக்கும். பூத்தவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கோடு நிறைந்து சரிவில் நகர்ந்து, தகரத் துண்டின் வழியாக மங்கில் முதல் சொட்டு விழும். அதற்குள் அந்த அம்மா மூன்றாவது மரத்தில் நிற்பார். ஒரு மரத்துக்கு அரை நிமிஷத்துக்குமேல் கொடுத்தால் வெயில் வந்துவிடும்.

கற்றுக்கொடுப்பதும் நிரையில்தான் நடக்கும். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்ணுக்கு மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒதுக்குப்புறமான கிழட்டு மரத்தைக் காட்டி, “இதுல பழகு” என்பார்.

“அழுத்தாத புள்ள. இழுத்தா அதுவே வரும்.”

“வரலியே அக்கா, வழுக்குது.”

“தீட்டுனது பத்தாது. மொக்க உளிதான் மரத்தக் கொல்லும். காதுல கேளு. சத்தம் மாறுச்சுன்னா கட்டைக்குக் கிட்ட போயிட்டன்னு அர்த்தம். நிறுத்திரு.”

உளி மென்பட்டையில் ஓடும் ஒலி வேறு, அடியை நெருங்கும்போது ஒலி வேறு. வெளிச்சம் இல்லாத நேரத்தில் அந்த வித்தியாசம்தான் அளவுகோல். எந்தத் தோட்டக் கையேட்டிலும் இதை நான் பார்த்ததில்லை.

நாள் விட்டு நாள் வெட்டினால் மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டை போகும். ஒரு பக்கம் முடிய ஐந்தாறு வருஷம். பிறகு மறுபக்கம். அதுவும் முடிந்து திரும்பி வரும்போது முதல் பக்கத்தில் புதுப்பட்டை தயாராக இருக்கும். முதல் சுற்றில் காயம் படாமல் வெட்டியிருந்தால் அது வழவழப்பாக இருக்கும். காயம் பட்ட இடமெல்லாம் முண்டாக நிற்கும், உளி ஏறாது. பத்து வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் அவசரத்தில் செய்த தவறு, அன்று கூலிக்கு நிற்கிறவரின் பாலைக் குறைக்கும். ஆகவே இந்த வேலையில் நல்ல கை என்பது தனக்குப் பின்னால் வரப்போகிறவருக்காகவும் மரத்தைக் காப்பாற்றிய கை. நம்மவர்களை வெறும் கூலிகள் என்று எழுதிய ஏடுகளையெல்லாம் மறுக்க எனக்கு இந்த வழவழப்பான இரண்டாம் பட்டை ஒன்றே போதும்.

மரத்தைக் காப்பாற்றத் தோட்டமும் ஏற்பாடு செய்திருந்தது. மாதந்தோறும் பட்டைப் பரிசோதனை. மரத்தில் மாதக் குறி வைத்து எவ்வளவு பட்டை செலவானது என்று அளப்பார்கள். ஊசி போன்ற அளவுகோலால் குத்தி, மிச்சப் பட்டை எவ்வளவு என்று பார்ப்பார்கள். காயங்களைச் சிறியது, பெரியது என்று எண்ணிப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். காயம் கூடினால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெரட்டில் நிறுத்தி வைத்துக் கேட்பார். எல்லார் முன்னிலும், குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்த பெண்களைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத மாட்டேன். மரத்தின் காயத்துக்கு மாதக் கணக்கு இருந்தது. ஆளின் காயத்துக்கு, லேபர் ஆபீசர் வருகிற நாளில் யாராவது துணிந்து வாய் திறந்தால்தான் கணக்கு. மண்டோரும் கணக்கெழுதும் கிராணியும் பக்கத்திலேயே நிற்கும்போது வாய் திறப்பவர் குறைவு.

வாய் திறந்த காலமும் வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு முதல் கோரிக்கை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள மற்றவற்றைப் படித்தால்தான் அன்றைய வாழ்க்கை புரியும். தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்தும் துரைமார்களை நீக்க வேண்டும், பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வைக்கக் கூடாது. இறங்கி நடக்க வேண்டும் என்ற அந்த வழக்கம் எந்தச் சவுக்கும் இல்லாமல் தோலை உரித்த வழக்கம். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஆண்டின் முடிவிலேயே ஜப்பானியர் வந்தார்கள். தோட்டத்து ஆண்களில் ஆயிரமாயிரம் பேர் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவர்களுக்குப் பதில் உளியை எடுத்தவர்கள் வீட்டில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும்தான்.

சுதந்திரத்துக்குப் பின் உரிப்பு வேறு உருவில் வந்தது. துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். லயத்து வீடும் வேலையும் ஒன்றாகப் போகும். துன் வீ.தி. சம்பந்தன் ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். 1967இல் எங்கள் பக்கத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டு ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் உள்ள கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். டான் சே யான் நட்ட அதே தோட்டத்து ஆட்கள். மலாக்கா நகரில் ரப்பர் முன்னோடியின் புகழ் பேசும் இடங்களில் அந்த நடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

உரித்த பட்டையிலிருந்து வந்த பால் எங்கெல்லாம் போனது? டயராகப் போனது பெரும்பகுதி. எனக்கு எப்போதும் மனசில் நிற்பது வேறொன்று. 1889–90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதியின் கைத்தோல், கிருமி கொல்லப் பயன்படுத்திய பாதரசக் கரைசலில் வெந்து புண்ணாகி உரிந்தது. வேலையை விட்டுவிட இருந்தார். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு ஜோடி செய்து தரச் சொன்னார். தோல் ஆறியது. இருவருக்கும் 1890இல் கல்யாணமும் நடந்தது. கையுறை உலகமெங்கும் பரவியது. மரத்தின் உரித்த தோலிலிருந்து வடிந்தது, ஒரு பெண்ணின் உரிந்த கைக்கு இரண்டாவது தோல் ஆனது.

நூறு வருஷம் கழித்து அந்தக் கையுறைத் தொழிலின் தலைமையிடம் மலேசியா. 1980களில் எய்ட்ஸ் பயம் உலகைப் பிடித்தபோது இங்கே தொழிற்சாலைகள் பெருகின. கொரோனாக் காலத்தில் உலகம் அணிந்த ரப்பர் கையுறைகளில் பாதிக்குமேல் இங்கே செய்தவை. ஆனால் அந்தக் காலத்திலேயே, 2020 ஜூலையில், உலகின் மிகப்பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் தயாரிப்புகளை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரில் தடுத்து நிறுத்தியது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் கடனை அடைக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அந்தப் பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்குக் கங்காணியின் முன்பணக் கணக்குப் புத்தகம்தான் கண்முன் வந்தது. கப்பலுக்குப் பதில் விமானம். கடன் அதே கடன்.

தோட்டங்களில் உளியின் ஓசை அடங்கிக்கொண்டே வந்தது. சுங்கை பூலோவில் இயங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல பால் தரும் மர வகைகளைக் கண்டது, ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வகை தாய்லாந்து வரை பரவியது. பட்டையைச் சுரண்டித் தடவும் எத்திபோன் மருந்து வந்தது. அதைத் தடவினால் பால்குழாய்களின் வாய் சீக்கிரம் அடைபடாது, பால் நெடுநேரம் ஓடும். அளவாகத் தடவினால் வெட்டும் நாளைக் குறைக்கலாம். பேராசையில் தடவிய இடங்களில் பட்டை வறண்டது. வெட்டினால் கோடு கோடாகவே நிற்கும், ஒரு சொட்டு வராது. அதற்குள் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக்குப் பட்டை பார்க்கத் தெரிந்த கை தேவையில்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களைக் கலைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் தாய்லாந்துக்குப் போனது. நம் பிள்ளைகள் ஜாசினுக்கும் மலாக்காவுக்கும் தங்காக்குக்கும் மூவாருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். அது நல்லதுதான். உளி வேலையில் அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கை மிச்சம் இருக்கிறது. எங்கள் பக்கம் மூன்று, நாலு ஏக்கர் வைத்திருக்கும் மலாய்ச் சிறுதோட்டக்காரர்களில் பலருடைய பிள்ளைகளும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மரம் நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை. விலை கொஞ்சம் ஏறும்போது ஓய்வுபெற்ற நம் பெண்களைத் தேடி வருவார்கள். பழைய பங்கு முறைதான்: விற்ற பணத்தில் வெட்டியவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. இப்போது பாலாக எடுப்பதில்லை. மங்கிலேயே உறைய விட்டு, கட்டிப்பாலாக வாரத்துக்கு இரண்டு தடவை எடை போட்டு வாங்கிப் போகிறார்கள்.

அப்படிக் கூப்பிட வந்த ஒருவரிடம் எங்கள் தெரு அம்மா ஒருவர் மலாய் மொழியில் பேரம் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பங்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மரத்தைப் போய்ப் பார்த்து, கைவிளக்கை அடித்து, பட்டையைத் தடவிவிட்டு வந்து சொன்னார்: “முன்னாடி வெட்டுனவன் காயம் பண்ணிட்டான். கீழ்ப்பக்கம் நல்லா இருக்கு, அதுல வெட்டுறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். இலை உதிர்ற மாசத்துல தொட மாட்டேன். தினமும் வெட்டணும்னா வேற ஆள் பாருங்க, பாக்சிக்.”

நிலத்துக்காரர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் வேலை.